சரக்கு ஊருக்கு! மார்க்கு யாருக்கு?

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கையிலே, சிவகாசிச் சாலையோரத்துப் பட்டாசுக் கடை ஒன்றின் பக்கத்திலே சற்று நின்று பாருங்கள், தோழர்களே! வெளியூர்க்காரர் ஒருவர் வருவார். "அண்ணாச்சி, சேவல் மார்க்கு வெடி இருக்கா?" என்று கேட்பார். "இல்லாமலா? எடுத்துக்குங்க!" என்பார் கடைக்காரர். வாங்க வந்தவர் லேபிளைப் பார்ப்பார். சிவப்புக் கொண்டை தெரியும். விரிந்த வால் தெரியும். பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். ஊரிலே போய்ப் பற்றவைத்தால் பாதி வெடிக்கும், பாதி புகையும். அப்புறந்தான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு லேபிளை உற்றுப் பார்ப்பார். கொண்டை சேவலுடையது, கால் கொக்கினுடையது, வால் மயிலினுடையது, அச்சடித்திருக்கும் பெயரோ எந்தப் பறவைக்கும் உரியதல்ல!

அவரிடமிருந்து திருடப்பட்டது என்ன? பணமா? அது கொஞ்சம். 'இந்த மார்க்கென்றால் நம்பி வாங்கலாம்' என்று ஆண்டுக்கணக்காக ஊறிப்போன நம்பிக்கை இருக்கிறதே, அதுதான் திருடப்பட்டது. அந்த நம்பிக்கையை உண்டாக்கியது யார்? முதலாளி போட்ட முதலும் அதிலே இருக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால், தாள் சுற்றி, திரி செருகி, உயிரைத் திரியிலே கட்டிக்கொண்டு உழைத்த கைகள் எத்தனை! அந்தக் கைகளின் ஒழுங்கல்லவா லேபிளுக்குப் பின்னால் நிற்கிறது! போலி லேபிள் ஒட்டுகிறவன் முதலாளியின் இலாபத்திலே மட்டுமா கை வைக்கிறான்? தொழிலாளியின் தேர்ச்சியையும் சேர்த்தே களவாடுகிறான்.

பெயரிலே என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். ஆனால் விருதுநகர் மண்ணிலே நின்றுகொண்டு கேட்க வேண்டாம்! 1956ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் இந்த ஊரிலே உண்ணாநோன்பைத் தொடங்கினார் முதியவர் சங்கரலிங்கனார். அவருடைய கோரிக்கைகளுள் முதன்மையானது, இந்த மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் சூட்ட வேண்டும் என்பது. அக்டோபர் 13ஆம் நாள் அவருடைய உயிர் பிரிந்தது. 1967 ஜூலை 18ஆம் நாள் அறிஞர் அண்ணாவின் ஆட்சியிலே சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14ஆம் நாள் பெயர் நடைமுறைக்கு வந்தது. ஒரு பெயருக்காக ஓர் உயிர் போன ஊர் இது. பெயர் என்பது வெறும் ஒலியல்ல, உரிமை என்பதை நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அந்தப் பெயர்ச் சண்டை இன்றைக்கு இன்னொரு தொழிலிலே நடக்கிறது. கணினித் தொழிலிலே! "நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று கேட்காதீர்கள். அப்பா பட்டாசு ஆலைக்குப் போகிறார். அம்மா தீப்பெட்டி ஆலைக்குப் போகிறார். மகளோ பொறியியற் கல்லூரியிலே கணினி படிக்கிறாள். நாளைக்கு அவள் சொந்தமாக ஒரு மென்பொருள் செய்து நாலு கடைக்கு விற்கலாம் என்று புறப்படும்போது, அவள் தலையிலே விழக்கூடிய சட்டம் ஒன்று இருக்கிறது. அதை முன்கூட்டியே அறிந்துகொள்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கணினியை இயக்குவது மென்பொருள். அதை எழுதுவோர் நிரலாளர்கள். அவர்கள் எழுதும் எழுத்துக்கு மூலநிரல் என்று பெயர். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதை இலக்கியப் படைப்புகளோடு சேர்த்து எண்ணுகிறது. ஆம், சட்டத்தின் கண்ணிலே மென்பொருளும் ஓர் இலக்கியமே! பெரிய கம்பெனிகள் பல அந்த மூலநிரலைப் பூட்டி வைத்துக்கொண்டு, பயன்படுத்தும் உரிமையை மட்டும் காசுக்கு விற்கின்றன. ஆனால் உலகிலே இன்னொரு கூட்டம் இருக்கிறது. "நாங்கள் எழுதியதை எவரும் பார்க்கலாம், எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம்" என்று கதவைத் திறந்து வைத்த கூட்டம். அவர்கள் தருவதைத்தான் திறந்த மூல மென்பொருள் என்கிறார்கள். லினக்ஸ் அப்படிப்பட்டது, நம் கைப்பேசியிலே ஓடும் ஆண்ட்ராய்டின் அடித்தளமும் அப்படிப்பட்டதே. அறிவைப் பூட்டி வைத்தவர்களை எதிர்த்து வளர்ந்த இயக்கம் நம்முடையது. "அறிவு பொது" என்ற குரல் எங்கே எழுந்தாலும் நம் காது அந்தப் பக்கம் திரும்பத்தானே செய்யும்!

ஆனால் அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. சரக்கைத் தருகிறார்கள், செய்முறையைத் தருகிறார்கள், பெயரை மட்டும் தருவதில்லை! அபாச்சி என்றொரு புகழ்பெற்ற உரிமம் உண்டு. அதன் 6ஆம் பிரிவு, இந்த உரிமத்தால் பெயரையோ முத்திரையையோ பயன்படுத்தும் உரிமை வந்துவிடாது என்று நேராகவே சொல்லுகிறது. ஜி.பி.எல். என்ற உரிமத்தின் 2007ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பும், பெயருரிமையைத் தராமல் நிறுத்திக்கொள்ள எழுதியவருக்கு இடம் கொடுக்கிறது.

"இது என்ன நியாயம்? வீட்டைக் கொடுத்துவிட்டு வாசற்படியைத் தரமாட்டேன் என்பது போல அல்லவா இருக்கிறது?" என்று கேட்கத் தோன்றும். நம் மாவட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டும் பக்குவத்தை யாரும் பூட்டி வைக்கவில்லை. சென்னையிலே கிண்டலாம், சிங்கப்பூரிலே கிண்டலாம். கிண்டி, 'பால்கோவா' என்று விற்கலாம். ஆனால் 'ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா' என்று லேபிள் ஒட்ட முடியுமா? முடியாது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்முறை ஊருக்கெல்லாம், பெயர் அந்த ஊருக்கு! எவரையும் சமைக்கவிடாமல் தடுக்க வந்த சட்டமல்ல அது. வாங்குகிறவர் ஏமாறாமல் காக்க வந்தது.

மென்பொருள் உலகத்திலேயும் பெயரைக் காக்காமல் விட்டதால் நேர்ந்த கேட்டைப் பாருங்கள். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். ஆளுக்கொரு செங்கல்லாக எடுத்துவைத்துக் கட்டிய மாளிகை. கட்டியவர்களுக்குப் பெயரைப் பதிவு செய்யவேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. 1994இல் அமெரிக்காவிலே ஒருவர் எழுந்தார். மாளிகை கட்டியவரல்லர், ஆனால் 'லினக்ஸ்' என்ற பெயரைத் தன் டிரேட் மார்க்காகப் பதிய மனுப் போட்டார். பதிவும் கிடைத்துவிட்டது! பிறகு, லினக்ஸ் பெயரிலே தொழில் நடத்தியவர்களுக்கு, வருமானத்திலே 10 விழுக்காடு கேட்டுக் கடிதம் வந்தது. விதைத்தவன் ஒருவன், அறுக்க வந்தவன் இன்னொருவன்! வழக்குத் தொடுத்து, 1997இல்தான் அந்தப் பெயர் டோர்வால்ட்ஸ் கைக்கு வந்து சேர்ந்தது. பொதுச் சொத்துக்கு வேலி இல்லையென்றால் மேய்வதற்கு மாடு வரத்தான் செய்யும். ஆகவே பொதுவாக உழைக்கும் கூட்டத்துக்கும் பெயர்க் காப்பு வேண்டும். இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம், பிறர் சரக்கை எடுத்து மாற்றுகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது. 1993இல் தொடங்கிய டெபியன் என்ற தன்னார்வக் குழு, லினக்ஸோடு பல மென்பொருள்களைச் சேர்த்துத் தொகுத்து வழங்குகிறது. அவற்றிலே ஒன்று, மொசில்லா என்ற அமைப்பின் பயர்பாக்ஸ் உலாவி. டெபியன் குழு அந்த உலாவியிலே தன் தேவைக்கேற்பச் சில திருத்தங்கள் செய்தது. முத்திரைப் படத்தையும் விலக்கியது, அந்தப் படம் திறந்த உரிமத்திலே இல்லை என்பதால். 2006இல் மொசில்லா சொன்னது: "திருத்துவது உங்கள் உரிமை. ஆனால் எங்களைக் கேளாமல் திருத்தியதை எங்கள் பெயரிலே வெளியிடாதீர்கள். பிழை வந்தால் பழி எங்களுக்கு!" டெபியன் என்ன செய்தது தெரியுமா? பெயரைக் கழற்றி வைத்துவிட்டு, 'ஐஸ்வீசல்' என்று புதுப்பெயர் சூட்டி, அதே சரக்கை வெளியிட்டது. பயர்பாக்ஸை நெருப்பு நரி என்று கொண்டால், இதைப் பனிக்கீரி எனலாம்! பத்தாண்டு காலம் அந்தக் கீரி ஓடியது. 2016இல் இரு தரப்பும் பேசி முடித்தபின் பழைய பெயர் திரும்பியது. சண்டை போட்டார்கள்; ஆனால் ஒருவர் மற்றவர் லேபிளைத் திருடவில்லை. திருடாததால்தான் பத்தாண்டு கழித்தும் கை குலுக்க முடிந்தது.

நம் சென்னையிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், சென்னையிலிருந்து 2007இல் 'பாஸ் லினக்ஸ்' என்ற இயங்குதளத்தை வெளியிட்டது. தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் இயங்குவது. அடித்தளம் எது? டெபியனே! ஆனால் 'இந்திய டெபியன்' என்று பெயர் வைக்கவில்லை. தனக்கென ஒரு பெயர் வைத்துக்கொண்டது. மூலம் டெபியன் என்பதை மறைக்கவுமில்லை. தமிழ்நாட்டிலே 2011இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தின் வழியாக அந்தப் பெயர் ஏழை வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்து சேர்ந்தது. பிறகு 2023 ஜனவரியிலே, சென்னை ஐ.ஐ.டி.யிலே வளர்ந்த ஒரு நிறுவனம் 'பார்ஓஎஸ்' என்ற கைப்பேசி இயங்குதளத்தை அறிவித்தது. அடித்தளம், ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரல். ஆனால் 'ஆண்ட்ராய்டு' என்ற பெயர் கூகுளின் டிரேட் மார்க்கு. கூகுள் வைத்த சோதனையிலே தேறாத எதுவும் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது. அமேசான் என்ற பெருங்கம்பெனியே 2011இல் ஆண்ட்ராய்டு மூலநிரலை எடுத்துத் தன் பலகைக் கணினியிலே ஓட்டியபோது, தன் பெயரிலேதான் ஓட்டியது. பெரியவருக்கும் அதே சட்டம். சிறியவருக்கும் அதே சட்டம்.

இதிலே நமக்கு அதிசயம் எதுவும் இல்லை, தோழர்களே! 1949 செப்டம்பர் 17ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். கருத்து வேறுபாடு வந்தது. அண்ணாவும் அவரோடு நின்றவர்களும் பிரிந்தார்கள். 'நாங்களே உண்மையான திராவிடர் கழகம்' என்று பலகையைப் பறிக்கப் போனார்களா? இல்லை. திராவிட முன்னேற்றக் கழகம் என்று தனிப்பெயர் வைத்தார்கள். கொள்கை எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கவில்லை. தலைவர் நாற்காலி பெரியாருக்கே என்று காலியாக வைத்தார்கள். மூலத்துக்கு மரியாதை, கிளைக்குத் தனிப்பெயர். மென்பொருள் உலகம் இன்றைக்கு எழுதி வைத்துக்கொண்டிருக்கும் விதியும் இதுதான்.

இவ்வளவு சொன்னதால், பெயரைப் பிடித்து வைத்திருக்கிறவர் செய்வதெல்லாம் நியாயம் என்று ஆகிவிடாது. நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. அதையும் புரட்டிப் பார்ப்போம்.

ஓப்பன் ஆபீஸ் என்ற மென்பொருள். கடிதம் எழுத, கணக்குப் போட உதவுவது. சன் என்ற நிறுவனம் 2000இல் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. வெளியாரும் சேர்ந்து உழைத்து வளர்த்தார்கள். பெயரோ கம்பெனி கையிலே! 2010 தொடக்கத்திலே சன் நிறுவனத்தையே ஆரக்கிள் என்ற பெருங்கம்பெனி விலைக்கு வாங்கியது. உழைத்தவர்கள் அந்த ஆண்டு செப்டம்பரிலே தனி அறக்கட்டளை கண்டு, 'பெயரை எங்களுக்குக் கொடுங்கள்' என்று கேட்டார்கள். கிடைக்கவில்லை. பெயரை விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். 'லிப்ரே ஆபீஸ்' என்று புதுப்பெயர் சூட்டினார்கள். அடுத்த ஆண்டே ஆரக்கிள் அந்தப் பழைய பெயரை அபாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. இன்று வளர்ச்சி எங்கே? உழைப்பாளர் போன இடத்திலே! பழைய பெயர் பலகையாக நிற்கிறது. புதிய பெயர் பட்டறையாக இயங்குகிறது.

இன்னொன்று. ரெட் ஹாட் என்ற கம்பெனியின் திறந்த மூலநிரலை எடுத்து, அதன் பெயரையும் சிவப்புத் தொப்பிச் சின்னத்தையும் ஒழுங்காக நீக்கிவிட்டு, 2004 முதல் 'சென்ட்ஓஎஸ்' என்ற பெயரிலே இலவசமாக வழங்கி வந்தது ஒரு தன்னார்வக் குழு. 2014இல் அந்தக் குழுவின் பெயரும் ரெட் ஹாட் வசமாயிற்று. 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் எட்டாம் பதிப்பை, 2021 இறுதியோடு முடித்துக்கொள்வதாக 2020 டிசம்பரிலே அறிவிப்பு வந்தது. பெயர் யார் கையிலோ, கதவின் சாவியும் அவர் கையிலே! தவித்தவர்கள் ராக்கி லினக்ஸ், ஆல்மா லினக்ஸ் என்று புதுப்பெயர்களிலே எழுந்தார்கள். இந்த முறை பெயரை அறக்கட்டளைகளின் கையிலே வைத்தார்கள். சூடு கண்ட பூனை!

2024 செப்டம்பரிலே வெடித்தது வேர்ட்பிரஸ் தகராறு. இணையதளம் அமைக்க உலகமெங்கும் பயன்படும் திறந்த மூலச் சரக்கு அது. அதன் பெயர் அறக்கட்டளை வசம் இருக்கிறது. ஆனால் வணிகப் பயன்பாட்டு உரிமை ஒரே கம்பெனியின் கையிலே. அந்தக் கம்பெனி, போட்டிக் கம்பெனி ஒன்றிடம் பெயர்ப் பயன்பாட்டைக் காட்டி வருவாயிலே 8 விழுக்காடு கேட்டது. வழக்கு அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போய், போட்டிக் கம்பெனிக்குச் சாதகமாக டிசம்பரிலே இடைக்காலத் தடையாணையும் வந்தது. அறக்கட்டளை என்று பலகை மாட்டினால் மட்டும் போதாது. சாவி யார் மடியிலே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்!

விதியை அளவுக்கு மீறி இறுக்கினாலும் விபரீதமே. ரஸ்ட் என்ற நிரல்மொழியின் அறக்கட்டளை 2023 ஏப்ரலிலே பெயர் விதிகளுக்கு ஒரு வரைவு வெளியிட்டது. அதை வளர்த்த நிரலாளர்களே கொதித்தார்கள். "எங்கள் மொழியின் பெயரைச் சொல்ல நாங்களே அனுமதி வாங்க வேண்டுமா?" என்று கேட்டார்கள். அறக்கட்டளை வருத்தம் தெரிவித்து, திருத்தி எழுத இறங்கி வந்தது. உழைப்பவர் குரல் கொடுத்தால் விதி வளையும் என்பதற்கு இது சான்று.

இப்போது கணினியை விட்டு நம் ஊர்த் தெருவுக்குத் திரும்புவோம். ஏனென்றால் இந்த மார்க்குப் பிரச்சினை நம் உலையிலே கை வைத்த கதை இருக்கிறது. 2018 அக்டோபரிலே உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடு விதித்தது, சரவெடிக்குத் தடை, பேரியம் உப்புக்குத் தடை, புகை குறைந்த பட்டாசுக்கே இடம். நாக்பூரிலுள்ள நீரி ஆய்வு நிறுவனம் புதிய கலவைகளைக் கண்டு, ஒப்பந்தம் செய்துகொண்ட உற்பத்தியாளர்களுக்குக் கொடுத்தது. 2019இல் பசுமைப் பட்டாசு சந்தைக்கு வந்தது. தனிச் சின்னமும் கியூ.ஆர். குறியும் பெட்டியின்மேல் ஏறின. அதாவது, கலவையை ஒருவர் தருகிறார், பலர் செய்கிறார்கள். செய்தது சரிதானா என்பதற்கு மார்க்கு சாட்சி. மென்பொருளிலே பார்த்தோமே, அதே ஏற்பாடு!

நடந்தது என்ன? பழைய கலவையை உள்ளே போட்டுப் பசுமைச் சின்னத்தை வெளியே ஒட்டினார்கள் சிலர். போலிக் கியூ.ஆர். குறி, பொய் லேபிள் என்ற பேச்சு 2021இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. தவறு செய்தவர் சிலர். தலைகுனிந்தது சிவகாசி முழுதும்! நீதிமன்றத்திலே 'சிவகாசிச் சரக்கு' என்று பேச்சு வந்தால், ஒழுங்காகச் செய்தவர் யார், ஏமாற்றியவர் யார் என்று பிரித்துப் பார்க்கவா நேரம் இருக்கிறது? தடை வந்தால் எல்லா ஆலைக்கும் தடை. வேலை போனால் எல்லாத் தொழிலாளிக்கும் போகிறது. 2025 அக்டோபரிலே டில்லி வட்டாரத்துக்குத் தீபாவளியையொட்டிச் சில நாள் அனுமதி தந்தபோதும், கியூ.ஆர். குறி உள்ள பசுமைப் பட்டாசுக்கு மட்டுமே என்றுதான் நீதிமன்றம் சொன்னது. ஒரு சதுர அங்குல மார்க்கிலே எத்தனை வீட்டு அடுப்பு எரிகிறது, பார்த்தீர்களா!

இனி, நம் பிள்ளைகளுக்கு வழி சொல்லுவோம். திறந்த மூல மென்பொருளை எடுத்துத் தொழில் செய்யப் போகும் தம்பிக்கும் தங்கைக்கும் சில வார்த்தைகள்.

சரக்கை அஞ்சாமல் எடுங்கள்; அது உங்களுக்காகவே திறந்து வைக்கப்பட்டது. ஆனால் எழுதியவர் பெயரும் உரிம வாசகமும் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும், அழிக்காதீர்கள்.

ஒரு வரி திருத்தினாலும், முதலில் மூலத்தின் பெயர்விதியைப் படியுங்கள். அனுமதி இல்லையென்றால் பெயரையும் படத்தையும் நீக்குங்கள். நிரலுக்குள்ளே, திரை முகப்பிலே, இணைய முகவரியிலே எல்லா இடத்திலும் பாருங்கள். ஓர் எழுத்தைக் கூட்டி, ஓர் எழுத்தைக் குறைத்து, ஒலி ஒத்த பெயர் வைத்துத் தப்பிக்கலாம் என்று எண்ணாதீர்கள். 'அமிர்ததாரா' என்ற மருந்துக்கும் 'லட்சுமண்தாரா' என்ற மருந்துக்கும் வந்த வழக்கிலே, 1962இல் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் வைத்தது. சராசரி அறிவும் அரைகுறை நினைவும் கொண்டு வாங்க வருகிறவர் ஏமாறுவாரா? அதுதான் கேள்வி. பட்டாசுக் கடையிலே கண்ணாடியைத் துடைத்தாரே நம் வெளியூர்க்காரர், அவருக்காகவே சொன்னது போல இருக்கிறது! நமக்கும் இது புதிதல்ல. 2024 நாடாளுமன்றத் தேர்தலிலே, நம் மாவட்டத்துத் திருச்சுழியும் சேர்ந்த ராமநாதபுரம் தொகுதியிலே, ஒரே பெயர் கொண்ட வேட்பாளர்கள் வரிசையாக நின்றதைப் பார்த்தோமே! பெயர்க் குழப்பம் யாருக்கு இலாபம் என்று கழகத் தோழனுக்கா தெரியாது?

அதே நேரத்தில், உண்மையைச் சொல்லத் தயங்காதீர்கள். "இது டெபியனை அடிப்படையாகக் கொண்டது" என்று நேர்மையாகச் சொல்லுவது களவல்ல. நம் நாட்டு 1999ஆம் ஆண்டு டிரேட் மார்க்குச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நேர்மையான தொழில் வழக்கப்படி பிறர் மார்க்கைக் குறிப்பிட இடம் தருகிறது. உண்மையைச் சொல்லவும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி மிரட்டுகிறவர் இருந்தால், பிரிவைக் காட்டுங்கள், பணிந்து போகாதீர்கள்.

முடிவாக, சொந்தப் பெயர் வையுங்கள், பதிவு செய்யுங்கள். பட்டாசுக்கு 13ஆம் வகுப்பு; தீப்பெட்டிக்கு 34; மென்பொருளுக்கு 9; மென்பொருள் சேவைக்கு 42. தனியாருக்கும் சிறு நிறுவனத்துக்கும், 2017ஆம் ஆண்டு விதிகளின்படி இணையவழி மனுவுக்கு வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய், மற்றவர்க்கு 9,000. பதிவு பத்தாண்டு நிற்கும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். சென்னையிலேயே பதிவு அலுவலகம் இருக்கிறது.

பலர் கூடிச் செய்யும் பொருளென்றால் ஒருவர் பெயரிலே மார்க்கைப் பதியாதீர்கள்! அதே சட்டத்திலே கூட்டு மார்க்கு என்று ஒன்று இருக்கிறது. 61ஆம் பிரிவிலிருந்து படியுங்கள். சங்கத்தின் பெயரிலே பதியலாம். யார் பயன்படுத்தலாம், எந்த நிபந்தனையிலே, தவறினால் என்ன என்று விதிகளை எழுதி, பதிவு அலுவலகத்திலே தாக்கல் செய்ய வேண்டும். மறைவிலே இல்லை, எவரும் பார்க்கலாம். தமிழ் மென்பொருளை வளர்க்கும் குழுக்களும், சிறு தீப்பெட்டி ஆலைக்காரர்களும், பால்கோவாத் தொழிலாளரும் இந்த வழியை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓப்பன் ஆபீஸிலே உழைத்தவர்கள் பெயரை இழந்தபின் கற்ற பாடத்தை, நாம் இழப்பதற்கு முன்பே கற்றுக்கொள்வோமே!

நாம் கேட்பது இவ்வளவுதான். வாங்குகிறவரை ஏமாற்றாத பெயர்விதி வேண்டும், அதை வரவேற்போம். உழைத்தவரை வெளியே தள்ளும் பெயர்விதி வந்தால் எதிர்ப்போம். விதி எழுதுகிற மேசையிலே, செய்கிறவனுக்கும் ஒரு நாற்காலி வேண்டும். பொது உழைப்பிலே விளைந்த பெயர் பொது அமைப்பின் கையிலே இருக்க வேண்டும். அந்த அமைப்பின் சாவி ஒருவர் மடியிலே இருக்கக்கூடாது.

1920களிலே இந்த ஊரிலிருந்து கல்கத்தாவுக்குப் போனார்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும். தீப்பெட்டித் தொழிலைக் கற்றார்கள். திரும்பி வந்து சிவகாசியிலே அடுப்பு மூட்டினார்கள். கற்றது வங்கத்திலே, நிலைத்த பெயரோ சிவகாசி! விருதுப்பட்டி என்றிருந்த ஊரும் 1923இல் விருதுநகர் என்று தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டது.

நம் வீட்டுப் பெண் நாளைக்குக் கணினி முன்னால் உட்கார்ந்து, உலகம் திறந்து வைத்த நிரலை எடுத்து, திருத்தி, வளர்த்து, ஒரு பொருளாக்கி, அதன் நெற்றியிலே எந்தப் பெயரை எழுதப் போகிறாள்? பிறர் புகழிலே குளிர்காயும் போலிப் பெயரையா? வேண்டாம், தங்கையே! மூலத்தை வணங்கிச் சொல். உன் பெயரை நிமிர்ந்து எழுது. சரக்கு பொதுவாக இருக்கட்டும். மார்க்கு உன்னுடையதாக, உன்னோடு உழைப்பவர்களுடையதாக இருக்கட்டும்!